பாஸ் சொன்ன வாய்

என் மகள் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு தாமானில் வீடு வாங்கியிருக்கிறாள். வரிசை வீடுகள், சுற்றிலும் மதில், உள்ளே போக ஒரே ஒரு வாசல். போன மாதம் நான் டாக்சியில் போய் இறங்கியபோது, காவலுக்கு நின்ற நேப்பாளத்துப் பையன் என் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினான். “பாஸ், அம்மா, பாஸ்” என்றான். அட்டையின் கயிற்றில் எனக்கு முன்னால் வந்து போனவர்களின் வியர்வை வாடை அப்படியே இருந்தது. பெற்ற மகள் வீட்டுக்குப் போக எனக்கு எதற்கடா பாஸ் என்று சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சண்டை மறந்துபோய்விட்டது. பேசாமல் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை என்னைப்போல வாயில் போட்டு மென்றவர்கள் இந்தக் கெடா மாநிலத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இரண்டரை வருஷம் அதைச் சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் இரண்டாவது கிராணி. பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஊரே கேட்டபோதும் என்னை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்துவிட்டார். ஆறாவதில் நான் கணக்கில் பெயிலானேன், பூகோளத்திலும் பெயிலானேன். பூகோளம் நடத்திய சிஸ்டர் ஒருநாள் மலைப் படத்தைக் காட்டி, இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் இந்த வழிக்கு என்ன பெயர் என்று கேட்டார். நான் முழித்தேன். “பாஸ்” என்று அவரே சொன்னார். “உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை” என்றும் சேர்த்துக்கொண்டார். வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான், ஆனால் அடக்கிக்கொண்டேன். அதே வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். படிப்பு அதோடு நின்றது.

அம்மா, நான், இரண்டு தம்பிகள். துரை இரக்கப்பட்டு, கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்துக் கடைசியில் ஒரு வீட்டில் எங்களை இருக்கவிட்டார். அந்தத் தோட்டம் மெர்போக் பக்கம் இருந்தது. இப்போது தேடினால் கிடைக்காது. அவசர காலம் தொடங்கி, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் ஆள் உயரத்துக்குமேல் முள்கம்பி வேலி போட்ட சமயம் அது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று வாரா வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு அளப்பார்கள். வேலிக்கு உள்ளே பொங்கி உள்ளேயே தின்ன வேண்டும். ரப்பர் பால் இறக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் வாசலில் வரிசையாக நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். கையில் கோப்பி இருக்கலாம், அதிலும் பால் இருக்கக் கூடாது. பசியாற எதுவும் கொண்டுபோக முடியாமல், மத்தியானம் வரைக்கும் வெறும் வயிற்றோடு மரம் வெட்டினார்கள்.

ஆண்களை மாத்தா சோதிப்பான். போலீஸ்காரனுக்கு எங்கள் தோட்டத்தில் அதுதான் பெயர். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். முதலில் மேரி என்று ஒருத்தி இருந்தாள். யாரோ ஒரு பிள்ளைத்தாச்சி மடியில் வைத்திருந்த சோற்று உருண்டையைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டாள் என்று அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் அவள் திரும்பி வரவில்லை. நான்கு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தவள் என்பதற்காக அந்த இடம் எனக்கு வந்தது. அம்மா சந்தோஷத்தில் சாமிக்குச் சூடம் கொளுத்தினார்.

வாசலை ஒட்டி அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு தடுப்பு. முன்னால் கோணிச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வருவாள், கைகளைத் தூக்குவாள். நான் கொண்டையைத் தொட்டு, மார்பை, இடுப்பை, மடியைத் தடவிப் பார்ப்பேன். உறைந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம், தூக்கம் கலையாத வாயின் வாடை, தேங்காய் எண்ணெய், பால்குடிப் பிள்ளைக்காரிகளிடம் புளித்த தாய்ப்பால் வாடை. இத்தனை வருஷம் ஆகியும் கூட்டமான பஸ்ஸில் ஏறினால் எனக்கு இது நினைவு வந்துவிடும். வெளியிலிருந்து, வாசல் மாத்தாக்களுக்குத் தலைவரான கோப்ரல் சாலே “போலே?” என்று கேட்பார். மலாயில் விடலாமா என்று அர்த்தம். நான் “பாஸ்!” என்று குரல் கொடுப்பேன். அந்தக் குரல் கேட்டால்தான் வெளியே நிற்பவன் வாசலின் குறுக்குக் கம்பை உயர்த்துவான்.

தடுப்புக்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பிடிபடுகிற அரிசியை அதில் கொட்ட வேண்டும். சனிக்கிழமை அது ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடைமுறையில் வாசலில் வேலை செய்தவர்கள் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். நானும்தான் கொண்டுபோனேன். அந்தக் காலத்துப் பசியைச் சொல்லி என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் பசி இருந்தது.

அந்த வார்த்தை தோட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சாயங்காலம் வேலிக்குள்ளே திடலில் மாத்தாக்கள் பந்து விளையாடுவார்கள், “பாஸ்! பாஸ்!” என்று சத்தம் போடுவார்கள். கிராணியார் வீட்டு வராந்தாவில் சீட்டாட்டம் நடக்கும்போது கை சரியில்லாதவர் சலிப்போடு அதையே சொல்லிவிட்டு வெற்றிலை போடுவார். டவுனுக்குப் போக ஆபீசில் எழுதித் தரும் சீட்டுக்கும் அதுதான் பெயர். அதை வாங்க நாள்கணக்கில் நடக்க வேண்டும். தோட்டத்து மருந்துக்காரரான டிரசர், யாருக்கு என்ன உடம்பு என்றாலும் முதலில் “யூரின் பாஸ் ஆச்சா?” என்றுதான் ஆரம்பிப்பார். தலைவலி என்று போனவர்களிடமும் கேட்பார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடிவருவார்கள்.

எங்கள் லயத்துச் சின்னக்கண்ணு அண்ணனிடமும் அதைத்தான் கேட்டார். அண்ணன் இரண்டு நாளாக ஆகவில்லை என்றார். வயிறு கல்லாக இருந்தது. தோட்டத்து லோரியில் படுக்கவைத்து டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெண்சாதி அஞ்சலை அக்கா கூடப் போகக் கேட்டாள். ஆபீசில் சீட்டு எழுதித் தர நாளாகும் என்றார்கள். லோரி அவளை விட்டுவிட்டுப் போனது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் அவள் வேலைக்கு வந்தாள். தினமும் சாக்குத் திரைக்குள் கையைத் தூக்கிக்கொண்டு, “இன்னிக்காவது சீட்டு குடுப்பாங்களா தங்கச்சி?” என்று என்னிடம் கேட்பாள். ஏதோ நான்தான் துரைக்கு வலதுகை என்பதுபோல. “குடுப்பாங்கக்கா” என்பேன்.

ஒன்பதாவது நாள் காலை, ஆட்கள் எல்லாரும் போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் ஒருவன் கடுதாசி கொண்டுவந்தான். கோப்ரலுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னிடம் நீட்டினார். இரண்டே வரி. அந்த வார்த்தை அதிலும் இருந்தது. அதை அந்த அர்த்தத்தில் சிஸ்டர்கள் ஜெபம் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். அதனால் புரிந்தது. அண்ணன் விடியற்காலையில் இறந்துவிட்டார். சடலத்தை இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவர்களே புதைத்துவிடுவார்கள்.

சடலத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வழியில்லை. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, அதற்குள் கொண்டுவந்து அடக்கம் பண்ணி முடிக்க முடியாது. டவுனிலேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று ஆபீசில் சொல்லி, இந்தத் தடவை சீட்டை ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அஞ்சலையைப் பால்மரக் காட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அவளோடு அண்ணனின் தம்பியும் மூன்று ஆண்களும். லோரி கம்புக்கு அப்பால் உறுமிக்கொண்டு நின்றது.

அவள் உள்ளே வந்து கையைத் தூக்கினாள். அவள் அழவில்லை. நான் சும்மா பேருக்குத் தொட்டுவிட்டு அனுப்பத்தான் இருந்தேன். இடுப்பில் சேலைக்கொசுவத்துக்குள் என் விரல் ஒரு முடிச்சில் பட்டது. துணிக்குள் அரிசி. அமுக்கினால் நழுவியது. எத்தனை முடிச்சு தொட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

“அக்கா, என்னா இது?” என்றேன்.

“வாய்க்கரிசி, தங்கச்சி.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே ஒரு பிடி. அங்க பொணத்த எடுக்கறதுக்கு முன்னால போட்டுருவேன்.”

“டவுன்ல காக்கா கடையில வாங்கிக்கலாம்லா?” ஆஸ்பத்திரிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிமைக் காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

“கடை அரிசியா?” என்னைப் பார்த்தாள். “இது அவரு பேர கூப்புட்டு அளந்த அரிசி தங்கச்சி. போன வாரம் அளந்தது. அவரு ஒரு வாய் தின்னல. நான் தொடல. அவரு பங்க அவரு வாயில போட்டு அனுப்பணும். வேற ஒண்ணும் கேக்கல நான்.”

வெளியே கோப்ரல் “போலே?” என்றார்.

இந்த இடத்தில் எனக்கு என்ன ஓடியது என்பதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேரி நினைவுக்கு வந்தாள். அம்மாவும் தம்பிகளும் வந்தார்கள். பெரிய சாலையில் பட்டாளத்துக்காரர்கள் நிற்பார்கள், அங்கேயும் சோதனை உண்டு, அங்கே பிடிபட்டால் இவளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், புருஷன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள் என்பதும் வந்தது. கடைசியாக வந்த இந்த எண்ணம் நல்லதாக இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்தேன். அரிசியை டின்னில் கொட்டினேன். வெறும் துணியை அவள் கையில் கொடுத்து, “உன் நல்லதுக்குத்தான்க்கா” என்றேன். பிறகு “பாஸ்!” என்று உரக்கச் சொன்னேன்.

அவள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய் லோரியில் ஏறினாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டின் என் முறை.

மத்தியானம் அம்மா சோறு பொங்கினார். தஞ்சோங் டாவாய்க் கருவாடு போட்ட குழம்பு. வாரத்தில் அப்படி ஒரு சாப்பாடு ஒரு தடவை கிடைத்தால் அதிகம். தம்பிகள் வட்டிலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது கவளத்தில் எனக்கு நினைவு வந்தது. அந்தப் பிடியும் இதில்தான் இருக்கிறது. டின்னில் கொட்டியபோது மற்ற அரிசியோடு கலந்துவிட்டது, எது எவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன் என்று இன்று உங்களிடம் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் தெரிந்துதான் சாப்பிட்டேன். வட்டிலை வழித்துச் சாப்பிட்டேன்.

லோரிக்காரர் மாரிமுத்து அண்ணன் அன்று பொழுது சாயுமுன் வந்து வாசலில் கையெழுத்துப் போட்டார். நான் கேட்காமலே சொன்னார். “ரோட்டுல எவனும் நிறுத்தல. ஆஸ்பத்திரி கடுதாசியக் காட்டுனதும் போ போன்னுட்டான். லோரிப் பக்கமே வரல.”  “பொணத்தக் கழுவி வராந்தாவுல வச்சுட்டாங்க. எதுத்தாப்புல காக்கா கடையிலேருந்து நான் ஒரு பிடி அரிசி பேப்பர்ல மடிச்சு வாங்கியாந்தேன். காக்கா காசுகூட வாங்கல. அஞ்சலை தொடமாட்டேன்னுடுச்சு. அவரு அரிசி வாசல்லயே நின்னுபோச்சுண்ணே, அப்டின்னுச்சு. வெறுங்கைய மூணு தடவ அவரு வாய்கிட்ட கொண்டுபோய் வச்சுட்டு, எடுத்துட்டுப் போங்கன்னுச்சு.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். கடைக்காரர் கொடுத்தது அரிசிதானே, அதைப் போட்டால் என்ன என்று எனக்குள் ஒரு கோபம் வந்தது. அஞ்சலைமேல் கோபம். அது என்ன பிடிவாதம் என்று. குற்றம் செய்தவளுக்கு முதலில் வருவது கோபம்தான் என்பதை நான் அன்றைக்குக் கண்டுகொண்டேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் பங்கு அரிசியில் ஒரு சுண்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “வை” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்த அரிசி எங்க போச்சு?”

 “ஸ்டேஷனுக்குப் போயிருச்சுக்கா. சனிக்கிழமை கொண்டுபோயிட்டாங்க.”

“அங்க என்னா பண்ணுவாங்க?”

“தெரியலக்கா.”

“பொங்கித் தின்னிருப்பாங்க” என்றாள். கோபமே இல்லை. “தின்னட்டும். மண்ணுல கொட்டாம இருந்தாப் போதும். பசிச்சவன் எவனோ தின்னுருக்கான்னு நெனச்சுக்குறேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பசித்தவள் நான்தான் அக்கா என்று ஒரு வார்த்தை. அவள் திட்டியிருப்பாள், அல்லது அழுதிருப்பாள், ஒருவேளை மன்னித்தும் இருப்பாள். அந்தச் சமயத்துக்கு அவள் மனசு ஆறியிருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். இந்தமாதிரி நல்ல எண்ணங்கள் எனக்கு எப்போதும் சரியான நேரத்தில் வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் காலையில் அவள் என்னிடம் வந்து கையைத் தூக்கினாள். நான் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். பார்க்காமல் விட முடியாது, கோப்ரல் சாக்கு இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முடிச்சு இருந்த இடத்தில் என் விரல் தயங்கும். அவளுக்கும் அது தெரியும். தங்கச்சி என்று கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள். நான் “பாஸ்” என்று சொல்லும்போது குரல் கம்மிப்போக, கோப்ரல் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொல்வார். ஒவ்வொரு நாளும் அவளுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அப்புறம் அவள் அண்ணன் வந்து அவளை அலோர் ஸ்டார் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போகிற அன்று தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக உதறிப் பார்க்க வேண்டியிருந்தது. நான்தான் உதறினேன். அந்தச் சின்னத் துணி பெட்டியில் இருந்தது, துவைத்து, நாலாக மடித்து. அதையும் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து அதை எடுத்ததும் மடித்து அவள் கையில் கொடுத்ததும்தான் எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு.

எங்கள் பகுதியில் கட்டுப்பாடு தளர்ந்தபோது வேலியை ஒரே நாளில் பிடுங்கினார்கள். முள்கம்பியைச் சுருட்டி லோரியில் ஏற்றினார்கள். எனக்கு வேலை போயிற்று. கோப்ரல் சாலே கைகொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பெண்கள் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டே காட்டுக்குப் போனதை வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் அஞ்சலை இல்லை.

அலோர் ஸ்டாருக்கு இரண்டு தடவை போய் விசாரித்தேன். ஒரு தடவை அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார்கள் என்றார்கள். இன்னொரு தடவை, பல வருஷம் கழித்து, அவள் அண்ணன் மகனைப் பாசாரில் பார்த்தேன். “அத்தை போய் ரெண்டு வருசமாச்சு ஆன்ட்டி” என்றான். யார் வாய்க்கரிசி போட்டது என்று கேட்க நினைத்தேன். என்ன உரிமையில் கேட்பது? மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை. லயங்கள் இல்லை. ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் தள்ளி மண்ணைச் சமப்படுத்திவிட்டார்கள். சின்னக்கண்ணு அண்ணனைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரி வராந்தாவை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். எதிரே இருந்த காக்கா கடை இப்போது கைத்தொலைபேசிக் கடை. என் கையால் சோதனை கொடுத்த பெண்களில் ஒருத்தியாவது உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. அரிசி இப்போது பத்துக் கிலோ பையில் மகள் வீட்டு அடுப்படி மூலையில் கிடக்கிறது. வண்டு விழுந்தால் அப்படியே கொட்டிவிடுகிறாள்.

போன வாரம் மகளிடம், எனக்கு ஏதாவது ஆனால் சடங்கு எல்லாம் செய்யுங்கள், வாய்க்கரிசி மட்டும் போட வேண்டாம் என்று சொன்னேன். “சரிம்மா, இப்பல்லாம் எல்லாரும் சிம்பிளாதான்லா செய்றாங்க” என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. அம்மா நவநாகரிகமாக மாறிவிட்டாள் என்று மருமகனிடம் பெருமையாகச் சொன்னதும் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. எனக்கான வாய்க்கரிசியைப் பதினெட்டு வயதிலேயே, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, இன்னொருவர் பங்கிலிருந்து நானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன்.